முப்பத்திச் சொச்சம் கிளிக்கும் ஒரு முதுகெலும்பும்

"…அவன் ரேசுக்குப் போகட்டும், நான் வேண்டாங்கல மேஸ்திரி. கம்பெனிக்குப் போற வண்டியில என் முதுகெலும்பு எதுக்கு ரேசுக்குப் போகணும்? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் பெரிய முதலாளி. காரின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு, பாதி இறங்கியும் பாதி இறங்காமலும் நின்றபடி சொன்னார்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி அவருடையது. பெயர் வேண்டாம். மதுரையில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. காரை ஓட்டி வந்தவர் அவர் மகன். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சின்னவர், எனக்கும் அப்படியே. இடம், ஆமத்தூரில் நான் நடத்திவந்த கார்ப் பட்டறை. இப்போது நான் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன், பட்டறையை என்னிடம் தொழில் படித்த நீங்கள் நடத்துகிறீர்கள். நடத்துகிற லட்சணத்தை அவ்வப்போது வந்து பார்க்கவும் செய்கிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

போன வாரம் உங்களில் ஒருவர் வாடிக்கையாளரிடம், "இது டாப் மாடல் சார், முப்பத்திச் சொச்சம் கிளிக் இருக்கு" என்று சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். யார் என்று சொல்லவில்லை. படிக்கும்போது யாருக்குக் காது சுடுகிறதோ அவர்தான். கிளிக் எத்தனை என்று சொல்வதற்கு மெக்கானிக் எதற்கு, அட்டைப்பெட்டி போதாதா? பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான். அதுவும் நம் ஊர்க்காரர்கள் அடித்த அச்சாகத்தான் இருக்கும்.

வண்டி குழியில் விழுந்து எழும்போது ஸ்பிரிங் துள்ளும். துள்ளுகிற ஸ்பிரிங்கை அடக்கி உட்காரவைப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. அந்த அடக்குதலைக் கூட்டவும் குறைக்கவும் தலையில் ஒரு நாப், அதாவது திருகு குமிழ், வைத்திருந்தால் அது அட்ஜஸ்டபிள் ஷாக். நாப்பைத் திருகும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், ஒரு டிக் ஒரு கிளிக். அந்தச் சத்தத்துக்குத்தான் இன்றைக்கு வண்டிப் பைத்தியங்கள் அத்தனை பேரும் மயங்கிக் கிடக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், நாப்பைத் தொடாமலேயே ஸ்பேனரால் பக்கத்துக் கம்பியில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "ரெண்டு கிளிக் கூட்டியிருக்கேன், ஓட்டிப் பாருங்க" என்பான். ஓட்டிவிட்டு வந்தவர், "ஏ அப்பா, வண்டியே மாறிப்போச்சு" என்று தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த லட்சணத்தில் இருக்கிறது நம் வாடிக்கையாளர்களின் ஞானமும் நம் தொழிலின் மானமும்.

சின்னவருக்கு வருவோம். நல்ல பிள்ளை. சீசன் இல்லாத நாளில் கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில் காரை ஓட்டிவிட்டு வருவார். ஒரே கார்தான், டிராக்கிலும் அதுதான், கம்பெனிக்கும் அதுதான். காலையில் அப்பாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அவர்தான் கம்பெனிக்கு ஓட்டிப்போக வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுக்குள் கம்பெனிப் பேச்சு பேசக்கூடாது என்பது அந்த வீட்டம்மா போட்ட சட்டம். கம்பெனிக்குள் போய்விட்டாலோ பேச நேரம் கிடையாது. ஆகவே எந்த ஏஜெண்டுக்கு எத்தனை மாதிரிக் காலண்டர் ஆல்பம், எந்த ஆர்டரை எந்த மிஷினில் ஏற்றுவது என்று அப்பாவும் மகனும் தீர்மானிப்பது காரில்தான். அந்தக் கார் அவர்களுக்கு ஆபீஸ் ரூம் மாதிரி.

அந்தக் காருக்குத்தான் வெளியூர்க் கடை ஒன்றில் சின்னவர் புது ஷாக் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தங்கக் கலர் பூச்சு, தலையில் நாப், கீழே ஒரு நாப், பக்கவாட்டில் ஒரு எண்ணெய் டப்பா. கடைக்காரன் எல்லா நாப்பையும் கடைசி வரை இறுக்கிவிட்டு, "இதுதான் டிராக் செட்டிங், இத மாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். மாத்தாதீங்க என்றால் நாப் எதற்கடா என்று அவனிடம் கேட்க ஆளில்லை.

மறுநாளிலிருந்து பெரியவர் காரில் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் மகனிடம் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: அடுத்த தடவை டிராக்குக்குப் போவதற்கு முன்னால் நான் இந்த வண்டியில் ஏறி வந்து பார்ப்பேன், அன்றைக்கு முதுகு வலித்தால் வண்டியை விற்றுவிட வேண்டும், அதன் பிறகு இந்தப் பேச்சே கிடையாது. அந்த வீட்டில் அவர் வாக்குக்கு மறுவாக்கு இல்லை. சின்னவருக்கோ அந்தக் காரைத் தவிர வேறு ஆசை எதுவும் கிடையாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே சந்தோஷம் அப்பாவின் முதுகில் போய் மாட்டிக்கொண்டது.

அன்றைக்குப் பெரியவரைப் பட்டறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, நான் சின்னவரோடு ஏறி உட்கார்ந்தேன். சிவகாசியைத் தாண்டி விஸ்வநத்தம் வழியாக வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு இடம் உண்டு. லோடு லாரிகள் மிதித்து மிதித்துத் தார் அலை அலையாகச் சுருண்டு கிடக்கும். அங்கே கூட்டிப் போகச் சொன்னேன். டிராக் மாதிரி வழவழப்பான ரோட்டில் ஓட்டிப் பார்த்து எந்த ஷாக்கையும் எடை போடாதீர்கள். வழவழப்பான ரோட்டில் மாட்டு வண்டியும் சொகுசாகத்தான் போகும்.

வேகம் ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டுதான் போனோம். அலைகளில் ஏறியதும் முதல் இரண்டு குலுக்கல் தெரிந்தது. அதற்குப் பிறகு குலுக்கல் நின்றுபோய், வண்டி கீழே கீழே உட்கார ஆரம்பித்தது. சின்னவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீகளாண்ணே, எம்புட்டு ஸ்டெடியா போகுது" என்றார்.

அதுதான் ஆபத்து, தம்பிகளா. ஒரு மேட்டில் ஸ்பிரிங் அமுங்குகிறது. விரிந்து மேலே வருவதற்குள் ஷாக் அதைப் பிடித்து இழுக்கிறது. பாதி விரிவதற்குள் அடுத்த மேடு. இன்னும் அமுங்குகிறது. இப்படியே அமுங்கி அமுங்கி, ஸ்பிரிங் முழுக்கச் சுருண்டு வண்டி ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு டயருக்கும் ரோட்டுக்கும் தொட்டுத் தொட்டு விடுகிற உறவுதான். ஓட்டுகிறவருக்கு அது ஸ்டெடியாகத் தெரியும்.

திருப்பத்தைத் தாண்டியதும் ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் நின்றது. வேலை முடிந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் பிரேக்கை மிதித்தார். மிதித்தும் வண்டி நிற்கவில்லை. நான்கு டயரும் அலைகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு, பிரேக் மிதி காலடியில் கடகடவென்று உதற, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சின்னவரின் கை ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கப் போனது. எதிரே லாரி.

"வெட்டாதீங்க. நேரா. பிரேக்க விடாதீங்க" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குப் பெரிய அறிவு ஒன்றும் வேலை செய்யவில்லை. வேனுக்கு முன்னால் புதிதாக ஒட்டுப்போட்ட தார் கொஞ்ச தூரம் சமமாகக் கிடப்பது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அது வரைக்கும் சக்கரம் நேராக இருந்தால், அங்கே டயர் பிடிக்கும். திரும்பியிருந்தால், பிடிக்கிற அந்த நொடியில் லாரியின் மேல் கொண்டுபோய்ச் சொருகும். சின்னவர் நேராகப் பிடித்தார். சமமான இடம் வந்தது. டயர் கிறீச்சிட்டுப் பிடித்தது. வேனுக்கும் எங்கள் மூக்குக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அவ்வளவு இடம்தான் மிச்சம்.

இறங்கி நின்ற பெண்களில் வயதில் மூத்த ஒருத்தி தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். சின்னவரைப் பார்த்தாள். "ஏய்யா, இது காசு குடுத்து வாங்குன வண்டியா, இல்ல கட்ட வண்டியில இஞ்சின் வச்சதா? பகல் முச்சூடும் மருந்துக்குள்ள உக்காந்து பொளச்சு வாரோம், நீ ரோட்டுல வச்சு முடிச்சுருவ போல" என்றாள். என் தொழில் வாழ்க்கையில் ஒரு ஷாக்கைப் பற்றி அதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் கேட்டதில்லை. நீங்கள் போனில் பார்க்கும் வீடியோக்காரர்கள் அரை மணி நேரம் பேசியும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வந்து பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். மறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் நாற்காலியில் இருந்து எழாமலே, "பழைய ஷாக்க மாட்டுங்க மேஸ்திரி. மாட்டி வித்துருவோம்" என்றார்.

சின்னவர் என்ன சொன்னார் தெரியுமா? இப்போதுதான் தண்டவாளத்திலிருந்து தப்பி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இந்த ஷாக் கிட் பத்தாது, இதைவிடப் பெரிய கிட் இருக்கிறது, அதில் நாப் இன்னும் அதிகம், அதை வரவழைத்துவிடலாம் என்றார். பயந்த வாடிக்கையாளரைவிடத் தைரியமான வாடிக்கையாளர் ஆபத்து. பயந்தவன் விற்றுவிடு என்பான். தைரியமானவன் இன்னும் ஒன்று வாங்கு என்பான். இரண்டு பேருக்கும் தலையாட்டி லாபம் பார்க்கலாம். நம் தொழிலில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், செய்துவிட்டு 'கஸ்டமர் கேட்டார்' என்கிறார்கள்.

நான் இரண்டு பேருக்கும் முடியாது என்று சொன்னேன். அப்பா முன்னால் மகனுக்கும், மகன் முன்னால் அப்பாவுக்கும்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீக?" என்றார் பெரியவர். குரலில் சூடு இருந்தது.

முதலில் சின்னவரைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன், அவர் அப்பா உட்காரும் அதே இடத்தில். டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் ஏஜெண்டுகளுக்குக் காட்டும் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தன. காகிதம் என்றால் லேசு என்று நினைக்கிறவர்கள் சிவகாசியில் ஒரு கட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டிராக்கில் காலி டிக்கியோடு ஓடுகிற வண்டிக்குச் சொன்ன செட்டிங், இங்கே இந்தப் பாரத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டிக்கியில் என்ன வைப்பீர்கள் என்று. கேட்டால் விற்பனை நின்றுபோகும் அல்லவா.

பாரத்தை இறக்கவில்லை. அப்படியே நான் ஓட்டினேன், ஆமத்தூரைச் சுற்றி, நம் ஊர் ரோட்டில். நாப் இறுக்கிய நிலையில் ஒரு தடவை. பிறகு எல்லா நாப்பையும் கடைசி வரை தளர்த்திவிட்டு ஒரு தடவை. ஓட்டுகிறவன் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, அடுத்த குழி கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவனுக்குக் குழி சொல்லாமல் வரும். திரும்பி வந்து இறங்கிய சின்னவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா இறங்கி நின்ற அதே மாதிரி. பெரியவர் அதைப் பார்த்தார்.

"லூஸ் பண்ணியும் இப்பிடித்தான் இருக்காண்ணே?" என்றார் சின்னவர்.

"இருக்கு. இதோட மெத்துன பக்கமே நம்ம ரோட்டுக்குக் கல்லு. கல்லுக்கும் இரும்புக்கும் நடுவுல முப்பது கிளிக் வச்சு வித்திருக்கான்."

தம்பிகளா, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு ஷாக் எடுத்துக் கொடுக்கும்போது, முதலில் அதன் மெத்தென்ற கடைசியைப் பாருங்கள். அந்தக் கடைசியில் வீட்டில் வயதானவர் உட்கார்ந்து வர முடியுமா? முடியாதென்றால் பெட்டியை மூடுங்கள். இறுக்கமான பக்கம் எல்லா ஷாக்கிலும் தேவைக்கு மேல் இருக்கும். அதைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். பிறகு, ஸ்பிரிங் எது என்று கேளுங்கள்; ஸ்பிரிங்குக்குப் பொருந்தாத ஷாக்கை எந்த நாப்பும் காப்பாற்றாது. பிறகு, கரிசல் தூசி தின்று சீல் போனால் பிரித்து எண்ணெய் மாற்றித் தர இந்தப் பக்கத்தில் ஆள் உண்டா என்று பாருங்கள். தங்கக் கலரைக் கடைசியாகப் பாருங்கள். பார்க்காவிட்டாலும் குடி முழுகாது.

நான் சொன்னது ஒத்தை நாப் ஷாக். அதிகம் பேசப்படாத சாமான், மெத்தென்ற பக்கம் நிஜமாகவே மெத்தென்று இருக்கும். சின்னவர் முகம் சுருங்கிப்போனது. டிராக்கில் மற்ற கார்க்காரர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்களாம். ஒத்தை நாப்பைப் பார்த்தால் சிரிப்பார்களாம்.

"சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கிறவுக யாரும் அப்பாவப் பின்னால உக்கார வச்சுக் கம்பெனிக்குப் போறவுக இல்லியே" என்றேன். அவருக்கு அது ஏறவில்லை. இறுக்கமாக இருந்தால்தான் வேகம் என்று மறுபடி ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெரியவர் பேசினார். அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் அவருக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். புதுசா வந்த மிஷின்மேன், படம் பளிச்சுன்னு விழணும்னு ரோலர் பிரஷரக் கடைசி வரைக்கும் கூட்டி வச்சான்னா நீ அவன என்ன செய்வ?"

சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளிய போகச் சொல்லுவேன்" என்றார்.

"ஏன்?"

"பிளேட்டு போயிரும். புள்ளி எல்லாம் பெருத்துப் படம் அப்பிரும்."

"பேப்பர ரப்பர் எப்பிடித் தொடணும்?"

"…முத்தங்குடுக்குற மாதிரி தொடணும். கடிக்கக்கூடாது."

"அம்புட்டுத்தான். ஆளு வெளிய போகணுமா, ஷாக்கு வெளிய போகணுமான்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பட்டறைப் பையனிடம் இன்னொரு காப்பி கேட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் சின்னவர் இதே விஷயத்துக்காக வாடிக்கையாளர்களை ஏளனம் செய்வார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அட்டையை வைத்து நசுக்கிப் பார்த்து, "இன்னும் தடிமனா வேணும்" என்பார்களாம். தடிமனான அட்டையில் எல்லாம் படம் நன்றாக விழாது, இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். சொந்தத் தொழிலில் அத்தனை நுணுக்கமாக இருக்கிறவர், அடுத்த தொழிலின் வாசல்படியை மிதித்ததும் தடிமன் கேட்கிறார். எல்லா முதலாளிகளும் இப்படித்தான். ஜவுளிக்காரர் வந்தால் கலர் கேட்பார், பருப்பு மில்காரர் வந்தால் எடை கேட்பார். அவரவர் தொழிலில் எந்த முட்டாள் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ, நம் பட்டறைக்குள் அவராகவே மாறி நிற்பார்கள். நீங்களும் ஜவுளிக்கடைக்குப் போனால் அப்படித்தான் நிற்பீர்கள் என்பது வேறு விஷயம்.

ஒத்தை நாப் ஷாக் வந்தது, மாட்டினோம். மாட்டிய வேலையைச் சொல்லி உங்களைச் சலிப்படைய வைக்கவில்லை. அது உங்களுக்கு வரும். ஆல்பக் கட்டுகளை டிக்கியில் வைத்து, சின்னவரைப் பின்னால் உட்காரவைத்து, ரோட்டுக்கான இடத்தில் நாப்பை நிறுத்தி வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். டிராக்கில் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்க்கட்டும், வண்டி தத்த ஆரம்பித்ததும் ஒரு படி பின்னால் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாப் இன்றைக்கு வரைக்கும் கடைசிக் கிளிக்குக்குப் போனதில்லை. பாதியைத் தாண்டினால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்று பின்னொரு நாள் சின்னவரே சொன்னார், சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பெரியவர் வைத்த கெடு வந்தது; ஒத்தை நாப் மாட்டிய பிறகு அவர் அந்த வண்டியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. சின்னவர் டிராக்குக்குக் கிளம்பும் நாள் காலை. பெரியவர் சிவகாசியிலிருந்து பட்டறை வரைக்கும் அந்தக் காரில் வருவது, முதுகு என்ன சொல்கிறதோ அதைச் சொல்வது, பிறகு இன்னொரு காரில் கம்பெனிக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. அந்த இன்னொரு காரை டிரைவர் முன்னாடியே கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார். வலித்தது என்று சொன்னால், சின்னவர் அங்கேயே சாவியை என் மேஜையில் வைத்துவிட வேண்டும். வண்டி வாங்க ஆள் கூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.

கார் வந்து நின்றது. சின்னவர் இறங்கி, காரின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து, அப்பாவுக்குக் கதவைத் திறந்தார். கேட்கவில்லை. முதுகு எப்படி என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் கிழவர் வேண்டுமென்றே இழுப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரியவர் இறங்கினார். கதவைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்று வேட்டியைச் சரி செய்தார். கரிசல் காட்டுப் பக்கம் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார். பிறகு மகனிடம், அந்த நாமக்கல் ஏஜெண்டுக்குப் போன வருஷ டிசைனையே திரும்ப அனுப்பாதே, ஆள் கோபக்காரன் என்றார். சின்னவர் சரி என்றார். திருச்சிக்காரர் கேட்ட டேபிள் காலண்டரைப் பற்றி வழியில் பாதிதான் பேசினோம், இன்னும் முடியவில்லை என்றார். சின்னவர் அதற்கும் சரி என்றார். அவருடைய கை சட்டைப் பையில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"அங்கன சாப்பாடு எப்பிடிலே?" என்றார் பெரியவர்.

"எங்கனப்பா?"

"நீ போற எடத்துலதான்."

"இருக்குப்பா. சுமாரா இருக்கும்."

பெரியவர் தன்னை ஏற்றிப்போக நின்ற டிரைவரைப் பார்த்து, போ என்று கையை ஆட்டினார். பிறகு, தான் வந்த காரின் பின் சீட்டிலேயே மறுபடி ஏறி, செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளிவிட்டு, காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.